வாசலில் ஒட்டிய நோட்டீஸ்

2020 ஏப்ரல் ஞாபகமிருக்கிறதா? சாயங்காலம் ஆனால் போதும், தமிழ்நாடே தேனாம்பேட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே டி.எம்.எஸ். வளாகத்திலிருந்துதான் அன்றைய கொரோனா கணக்கு வரும். அதில் '28 நாள் கண்காணிப்பு முடித்தவர்கள்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும்.

அதென்ன 28? ஜோசியம் இல்லை சார், இரண்டு பதினாலு!

கிருமி உடம்புக்குள் நுழைந்த நாளுக்கும், முதல் காய்ச்சல் தெரியும் நாளுக்கும் நடுவிலுள்ள அவகாசம்தான் 'நோயரும்பும் காலம்'. இன்று சரக்கு எடுத்து அடுத்த வாரம் பணம் கட்டுகிறோமே, அந்தத் தவணை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கொரோனா குடும்பத்தில் ஆளுக்கொரு தவணை.

வெறும் ஜலதோஷம் தருகிற கொரோனாக்கள் படு கறார். மூன்று நாள்தான். 2003-ல் உலகையே மிரட்டிய சார்ஸ் பெரும்பாலும் 2 முதல் 7 நாள் தரும். பத்தைத் தாண்டுவது அபூர்வம். 2012-ல் சவுதி அரேபியாவில் தலைகாட்டிய மெர்ஸுக்குச் சராசரி 5, உச்சம் 14. 2015 மே 4 அன்று வளைகுடாப் பக்கமிருந்து தென்கொரியா திரும்பிய ஒருவருக்கு மே 11-ல்தான் நோய் தெரிந்தது. ஏர்போர்ட்டில் எப்படிப் பிடிப்பது? கடைசியில் 186 பேருக்குத் தொற்று.

2020-ல் பரவிய கோவிட்டுக்கும் அதே சராசரி 5, அதே உச்சம் 14. பின்னால் வந்த ஒமிக்ரானுக்கு மூன்றே நாள்.

சரி, தவணை ஒன்றேதான் என்றால் கோவிட் மட்டும் ஏன் ஊரையே அடைத்தது?

சார்ஸ், ஆள் படுத்த பிறகுதான் அதிகம் பரப்பும். படுத்தவரைத் தனியே வைத்தால் கதை முடிந்தது. அதனால்தான் 8,096 பேரைத் தொற்றி 774 உயிர்களைக் குடித்த சார்ஸை 2003 ஜூலைக்குள் மடக்க முடிந்தது. கோவிட்டோ, காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். தவணை முடியும் முன்பே வசூல்! 2020 மே 5-ல் கோயம்பேடு மார்க்கெட்டை மூடியபோது, திடமாக நடமாடியவர்களோடு கிருமியும் கடலூர், அரியலூர் என்று ஊர் போய்ச் சேர்ந்திருந்தது.

பிளேக் காலத்தில் வெனிஸ் நகரத்துக்காரர்கள் கப்பல்களை 40 நாள் வெளியே நிறுத்தினார்கள். 'குவாரன்டைன்' என்ற வார்த்தையே அந்த நாற்பதிலிருந்து பிறந்ததுதான். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது.

நம் தெருவில் அன்று எத்தனை பேர் கேட்டோம்? "ஆள் நல்லாத்தானே இருக்கார், எதுக்கு வாசல்ல நோட்டீஸ்?"

நன்றாக இருப்பவருக்காகத்தான் அந்த நோட்டீஸே!