மெலித்தாவில் ஒரு மழைகாலம்



விடுமுறைக்கு மத்தியதரைக் கடல் தீவொன்றுக்குச் செல்லத் திட்டமிடுகிறீர்களா? அப்படியானால் கடற்கரை விடுதிகளின் வண்ணப்படங்களைப் பார்க்குமுன் அப்போஸ்தலர் நடபடிகளின் 27, 28ஆம் அதிகாரங்களை ஒருமுறை வாசியுங்கள். குளிர்காலத்தை எந்தத் துறையில் வசதியாகக் கழிக்கலாம் என்று திட்டமிட்டவர்களின் வரலாறு அது.

கி.பி. 60ஐ ஒட்டிய காலம். ரோமாபுரிக்குக் கோதுமை ஏற்றிச் சென்ற அலெக்சந்திரியாக் கப்பல் ஒன்று, கிரேத்தா தீவின் தென்கரையில் ‘நல்ல துறைமுகம்’ என்னும் இடத்தில் ஒதுங்கியிருந்தது. உபவாச நாள் கடந்துவிட்டது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை அக்காலத்தவர் கடலில் இறங்கத் துணிவதில்லை. இனிப் பயணம் வேண்டாம் என்றார் பவுல். ஆனால் அவர் கைதி. நூற்றுக்கு அதிபதி மாலுமியின் சொல்லையும் கப்பல் எஜமானின் சொல்லையுமே நம்பினான். அந்தத் துறை மழைகாலத்தில் தங்க வசதியற்றது, பேனிக்ஸ் மேலானது என்று பெரும்பாலானோர் கருதினர். பெயரளவில் அது நல்ல துறைமுகம்தான்; வசதிதான் போதவில்லை!

பேனிக்ஸ் தொலைவில் இல்லை. அதே தீவின் அதே கரையில், ஏறக்குறைய 40 கடல் மைல். தென்றலும் மெல்ல வீசிற்று. அதை நம்பி நங்கூரம் எடுத்தவர்கள் பேனிக்ஸைக் காணவேயில்லை. வடகிழக்கிலிருந்து சுழன்று வந்த யூரோக்கிலிதோன் கப்பலைப் பதினான்கு நாள் அலைக்கழித்தது.

ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித் என்பவர் கடலோடும் பழக்கமுடையவர். 1844-45 குளிர்காலத்தை மால்டாவில் கழித்து, லூக்காவின் குறிப்புகளை அவர் கடலிலேயே ஆராய்ந்தார். அத்தகைய காற்றில் அத்தகைய கப்பல் ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஒதுக்கப்படும் என்று மாலுமிகளிடம் கேட்டறிந்தார். சுமார் 36 மைல் என்று கணக்கிட்டார். கிலவுதாவிலிருந்து மால்டாவுக்கு ஏறத்தாழ 476 மைல். வகுத்துப் பாருங்கள்: பதின்மூன்று நாளும் சிறிது நேரமும். லூக்கா சொன்ன பதினான்காம் இரவு அதுவே. 1848இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்படுகிறது.

கப்பல் உடைந்தது. கைதிகள் நீந்தித் தப்பிவிடுவார்கள் என்று அஞ்சிய சேவகர் அவர்களைக் கொன்றுவிட எண்ணினர். பவுலைக் காப்பாற்ற விரும்பிய நூற்றுக்கு அதிபதி தடுத்தான். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளைப் பற்றியும், 276 பேரும் கரைசேர்ந்தனர். அதன் பிறகே அத்தீவின் பெயர் மெலித்தா என்று அறிந்தார்கள். எவரும் திட்டமிடாத தீவு!

நமது வேதாகமத்தில் ‘அந்நியர்’ என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘பர்பரோய்’. கிரேக்கம் பேசத் தெரியாதவர்கள் என்பது பொருள். அத்தீவார் பேசியது பெனிக்கியர் வழிவந்த மொழி. அவர்கள் கைதி யார், காவலன் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. மழை, குளிர், நனைந்த மனிதர்கள். உடனே நெருப்பு மூட்டினார்கள். புபிலியு மூன்று நாள் தன் வீட்டில் உபசரித்தான். ‘முதலாளி’ என்ற சொல்லைக் கண்டு அவனைக் கடைக்காரனாக எண்ணிவிடாதீர்கள். ‘மெலித்தாரின் முதல்வர்’ என்னும் அதே பட்டம் அத்தீவுகளில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்றிலும் உண்டு.

பின்னர் அராபியர் வந்தனர், நார்மானியர் வந்தனர், 1530இல் புனித யோவான் சபையின் வீரர்கள் வந்தனர். கோட்டைகளையும் 1565ஆம் ஆண்டின் முற்றுகையையும் வழிகாட்டி நூல்கள் விரிவாகவே சொல்லும். அவை பெரும்பாலும் சொல்லாத ஒன்று உண்டு: அரபு வழிவந்த தங்கள் மொழியில் மால்டாவின் கிறிஸ்தவர்கள் இன்றும் இறைவனை ‘அல்லா’ என்றே அழைத்து ஜெபிக்கிறார்கள், தவக்காலத்துக்கு அவர்கள் வைத்துள்ள பெயர் ‘ரந்தான்’.

வழிகாட்டி நூல்களில் வராத வேறொன்றும் உண்டு. 2013 அக்டோபர் 11 அன்று, லிபியாவிலிருந்து புறப்பட்ட படகொன்று லம்பெடுசாத் தீவுக்கும் மால்டாவுக்கும் இடையே கவிழ்ந்தது. அதிலிருந்தோர் பெரும்பாலும் சிரியாவின் போருக்குத் தப்பியவர்கள். அவர்கள் பலமுறை தொலைபேசியில் உதவி கேட்டிருந்தார்கள். மீட்பது இத்தாலியின் பொறுப்பா, மால்டாவின் பொறுப்பா என்பதில் மணிக்கணக்காய்க் காலம் கழிந்தது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர், குழந்தைகள் பலர். பவுலின் கப்பல் அலைக்கழிந்த அதே கடல் அது. இதை மால்டாவை இகழ எழுதவில்லை. அந்த நீரில் நீங்கள் நீராட இறங்குமுன் அறிந்திருக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

செல்வதானால், கோடையை விட்டுப் பிப்ரவரியைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். பகலில் ஏறக்குறைய 15 பாகை வெப்பம்தான் இருக்கும். கம்பளிச் சட்டை தேவைப்படும். பிப்ரவரி 10 அங்கே அரசு விடுமுறை, பவுல் கப்பற்சேதத்தில் கரைசேர்ந்ததன் திருநாள். அன்று வலேட்டாவின் ஒடுங்கிய வீதிகளில் அவருடைய சொரூபத்தைத் தோள்களில் சுமந்து செல்கிறார்கள். நகரத்தின் பெருங்கோயிலில் கரவாஜியோ 1608இல் வரைந்த, யோவான் ஸ்நானகனின் சிரச்சேத ஓவியத்தையும் காணத் தவறாதீர்கள். பிறகு பேருந்தேறிப் பவுல் விரிகுடாவுக்குச் செல்லுங்கள். விடுதிகளும் உணவகங்களும் நெருங்கி நிற்கும் அக்கரையில், நெருப்பு மூட்டிய இடம் என்று பாரம்பரியம் காட்டும் இடத்தில் ஒரு சிறிய ஆலயம் உண்டு. அதன் முன் நின்றால், குடாவின் வாயிலில் அந்தச் சிறு பாறைத் தீவுகளும், அவற்றின் மேல் வெண்ணிறச் சிலையும் தெரியும்.