பிறந்ததும் எழுந்து நிற்கும் ஆட்டுக்குட்டி.. உடல் சூட்டுக்குப் பின்னால் இருக்கும் தைராய்டு! எப்படி வேலை செய்கிறது?

தாயின் வயிற்றுக்குள் ஆட்டுக்குட்டி இருக்கும் இடத்தின் வெப்பநிலை சுமார் 39 டிகிரி செல்சியஸ். பிறந்த அடுத்த நொடியே, உடம்பெல்லாம் ஈரத்தோடு குளிர்ந்த தரையில் விழுகிறது. போர்வை கிடையாது, வயிற்றில் பாலும் கிடையாது. ஆனாலும் பெரும்பாலான குட்டிகள் சிறிது நேரத்தில் தட்டுத்தடுமாறி எழுந்து மடியைத் தேட ஆரம்பித்துவிடுகின்றன.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? அதில் பெரிய பங்கு கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு உண்டு. இந்தச் சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டால், நல்லபடியாகப் பிறந்தது போலத் தெரியும் குட்டிகூட ஓரிரு நாளில் இறந்துபோகலாம். விரிவாகப் பார்க்கலாம்.

தைராய்டு என்ன செய்கிறது?

இரத்தத்தில் உள்ள அயோடினை இழுத்து ஹார்மோனாக மாற்றுவதுதான் தைராய்டின் வேலை. அது தயாரிப்பதில் பெரும்பகுதி டி4 எனப்படும் தைராக்சின். இதில் 4 அயோடின் அணுக்கள் இருக்கும். ஆனால் டி4 ஒரு சேமிப்பு மாதிரிதான். அதிலிருந்து ஓர் அயோடின் அணு கழன்றால் கிடைக்கும் டி3தான் செல்களுக்குள் போய் நேரடியாக வேலை செய்யும் ஹார்மோன். உடல் எவ்வளவு வேகமாக எரிபொருளைச் செலவழிக்க வேண்டும், எவ்வளவு வெப்பத்தை உண்டாக்க வேண்டும் என்பதையெல்லாம் டி3 முடிவு செய்கிறது.

கருவில் இருக்கும்போது ஏன் பிரேக்?

செம்மறி ஆட்டில் தாயின் தைராய்டு ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போவது மிகமிகக் குறைவு. ஆனால் அயோடின் போகும். அதாவது தாய் கொடுப்பது மூலப்பொருள் மட்டும்தான். ஹார்மோனைக் குட்டியே தயாரித்துக்கொள்ள வேண்டும்.

அப்படித் தயாரிக்கும் டி4-ஐ முழுவதும் டி3-ஆக மாற்றவும் உடல் விடுவதில்லை. நஞ்சுக்கொடியிலும் குட்டியின் திசுக்களிலும் உள்ள நொதிகள் வேறொரு அயோடின் அணுவைக் கழற்றி, 'ரிவர்ஸ் டி3' என்ற செயல்படாத பொருளாக அதை மாற்றிவிடுகின்றன. காரணம் எளிது. தாயே சூடு கொடுக்கும்போது குட்டி தனியாக எரிபொருளை எரிக்கத் தேவையில்லை. அந்தச் சக்தி வளர்ச்சிக்குப் போகட்டும் என்பதுதான் கணக்கு. மூளை மட்டும் தனக்கு வேண்டிய டி3-ஐத் தானே மாற்றி எடுத்துக்கொள்ளும்.

ஆட்டின் சினைக்காலம் சுமார் 5 மாதம். அதன் கடைசி நாட்களில் குட்டியின் உடலில் கார்டிசால் ஏறுகிறது. உடனே பிரேக் தளர்கிறது, டி3 உயர ஆரம்பிக்கிறது. நுரையீரல் மூச்சுக்குத் தயாராவதும் இந்தக் கட்டத்தில்தான். குறைமாதத்தில் பிறக்கும் குட்டிகள் குளிரையும் மூச்சையும் சமாளிக்கத் திணறுவதற்கு இந்த ஏற்பாடு முடியாமல் போவதும் ஒரு காரணம்.

பிறந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது?

தொப்புள்கொடி அறுந்து, குளிர் உடம்பைத் தொட்டதும் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச் என்ற உத்தரவு ஹார்மோனை அதிகமாக விடுகிறது. சில மணி நேரத்தில் டி4, டி3 இரண்டும் எகிறுகின்றன.

இந்த ஹார்மோன் வேலை செய்யும் முக்கியமான இடம் பழுப்புக் கொழுப்பு. குட்டியின் சிறுநீரகத்தைச் சுற்றி இது அதிகமாக இருக்கும். மொத்த உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனாலும் பிறந்த குட்டி உண்டாக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியை இதுவே கொடுக்கக்கூடியது. சாதாரணக் கொழுப்பு சக்தியைச் சேமிக்கும், பழுப்புக் கொழுப்பு அதை நேரடியாக வெப்பமாக எரிக்கும். மீதி வெப்பம் தசைகள் நடுங்குவதால் கிடைக்கிறது. சுமார் ஒரு மாதத்துக்குள் இந்தப் பழுப்புக் கொழுப்பு சாதாரணக் கொழுப்பாக மாறிவிடும்.

எல்லா விலங்குக்கும் ஒரே கணக்கா?

இல்லை. ஆடு, மாடு, குதிரை எல்லாம் கண் திறந்து, நடக்கத் தயாராகப் பிறப்பவை. அதனால் இவற்றுக்குப் பிறக்கும்போதே ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். பிறந்த குதிரைக்குட்டியின் டி4 அளவு வளர்ந்த குதிரையைவிடப் பல மடங்கு அதிகம். வளர்ந்த குதிரைக்கான அளவை வைத்து அதன் இரத்தப் பரிசோதனையைப் படித்தால் தப்பாகத்தான் புரியும்.

எலிக்குஞ்சு நேர் எதிர். கண் மூடி, ரோமமில்லாமல் பிறக்கும். அதன் தைராய்டு ஹார்மோன் மெதுவாக ஏறி, கண் திறக்கும் இரண்டாவது வாரத்தையொட்டித்தான் உச்சத்தைத் தொடும். அதுவரை தாயின் சூடும் கூடும்தான் பாதுகாப்பு. பன்றிக்குட்டிக்குப் பழுப்புக் கொழுப்பே கிடையாது. நடுங்கித்தான் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பன்றிப் பண்ணைகளில் குட்டிகளுக்கு விளக்குச் சூடு வைப்பது அதனால்தான்.

அயோடின் குறைந்தால்?

மூலப்பொருள் இல்லையென்றால் ஹார்மோன் இல்லை. பிட்யூட்டரி விடாமல் உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கும். தைராய்டும் வீங்கிக்கொண்டே போகும். இதுதான் முன்கழுத்துக் கழலை. இப்படிப்பட்ட குட்டிகள் செத்துப் பிறக்கலாம், ரோமம் குறைவாகப் பிறக்கலாம், பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடக்கலாம். தாயைப் பார்த்தால் பெரும்பாலும் எந்தக் குறையும் தெரியாது என்பதுதான் சிக்கல்.

அயோடின் கிடைத்தாலும் சில தீவனங்கள் தடையாக நிற்கும். நியூசிலாந்தில் சினை ஆடுகளுக்குக் கேல், டர்னிப் போன்ற முட்டைக்கோஸ் குடும்பப் பயிர்களை அதிகம் கொடுக்கும் பண்ணைகளில் குட்டிகளுக்குக் கழலை வருவது நீண்ட நாள் பிரச்சினை.

நம்மூரில் ஆட்டுக்குப் போடும் சூபாபுல், அதாவது சவுண்டல் தழையிலும் மிமோசின் என்ற பொருள் உண்டு. இரைப்பையில் அது உடைந்து வரும் டிஎச்பி, தைராய்டு வேலையைத் தடுக்கும். ஹவாய் தீவு ஆடுகளின் இரைப்பையில் இந்த டிஎச்பியை உடைக்கும் பாக்டீரியா இருப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் காட்டினார். 1980களில் அது ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குக் கொண்டுபோகப்பட்டது. பிறகு அவர் பெயராலேயே அதற்கு 'சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை' என்று பெயர் வைத்தார்கள்.

கழுத்து வீங்கினாலே தைராய்டா?

அவசியமில்லை. நன்றாகப் பால் குடித்துக் கொழுகொழுவென வளரும் வெள்ளாட்டுக் குட்டிக்குப் பிறந்து சில வாரங்களில் தொண்டையில் வீக்கம் வரலாம். அது பெரும்பாலும் தைமஸ் சுரப்பி. சிகிச்சை தேவையில்லை, சில மாதங்களில் தானாகவே வற்றிவிடும். பிறக்கும்போதே வீக்கம் இருந்து, குட்டியும் சோர்ந்து கிடந்தால்தான் தைராய்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆடு வளர்ப்பவர்கள் என்ன செய்யலாம்?

* சினை ஆட்டுக்கு அயோடின் சேர்ந்த தாது உப்புக் கலவையைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம்.

* சவுண்டல் தழையை மட்டுமே போடாமல் மற்ற பசுந்தீவனத்தோடு கலந்து போடுவது நல்லது.

* குட்டி பிறந்ததும் துணியால் ஈரத்தைத் துடைத்து, காற்று படாத இடத்தில் வைத்து, முடிந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். பழுப்புக் கொழுப்பு எரிந்து தீர்ந்த பிறகு குட்டிக்கு அந்தப் பால்தான் எரிபொருள்.

* அயோடின் நல்லதுதானே என்று அள்ளிக் கொடுக்கக் கூடாது. சினைக் குதிரைகளுக்குக் கடற்பாசியை அளவுக்கு மீறிக் கொடுத்ததால் கழலையோடு குட்டிகள் பிறந்ததும் உண்டு.

* ஒரே பட்டியில் அடுத்தடுத்து குட்டிகள் செத்துப் பிறந்தால் 'ராசி சரியில்லை' என்று விட்டுவிடாமல், இறந்த குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டைச் சோதித்தாலே காரணம் தெரிய வாய்ப்பு இருக்கிறது. காரணம் அயோடின் குறைபாடுதான் என்று உறுதியானால், அடுத்த ஈற்றுக் குட்டிகளைக் காப்பாற்றுவது பெரிய செலவு இல்லாத வேலை.