‘ஒன்றரை வயரே போதும்லா!’

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நடந்தால் இப்படி ஒரு பேச்சு காதில் விழலாம்.

‘‘அண்ணாச்சி, இத்தனை தறி மோட்டாருக்கு ஒன்றரை வயர் தாங்காது. நாலு போடணும்.’’

‘‘செம்பு விக்கிற விலையில நாலா? ஒன்றரையே போதும்லா!’’

‘‘சூடாகும் அண்ணாச்சி. பீஸ் போய்க்கிட்டே இருக்கும்.’’

‘‘போனா தடிச்ச கம்பியா வச்சுக் கட்டு. அதுக்குத்தான உன்னக் கூப்ட்டேன்?’’

எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிகிறார். முடியாது என்றால் வேறொருவர் வந்து செய்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவார். சரி என்றால், நாளைக்குப் புகை வரும்போது பழி இவர் தலையில்.

இது பழைய சண்டை. எவ்வளவு பழசு தெரியுமா? தெருவிளக்குக்கே மின்சாரம் வராத காலத்தில், அட்லாண்டிக் கடலுக்கு அடியில் இதே சண்டை நடந்திருக்கிறது!

சைரஸ் ஃபீல்ட் என்ற அமெரிக்கர், காகித வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை கடலடியில் தந்திக் கம்பி போட்டே தீருவது என்று கிளம்பினார். 1856-ல் லண்டனில் கம்பெனி ஆரம்பமானது. முதலீடு 3,50,000 பவுண்டு. ஃபீல்டுக்கு எல்லாமே அடுத்த வருஷமே முடிந்தாக வேண்டும்!

கம்பெனியின் எலெக்ட்ரீஷியன் (பதவியின் பெயரே அதுதான்) வைல்ட்மேன் வைட்ஹவுஸ். படிப்பால் அறுவை சிகிச்சை டாக்டர். மெல்லிய செம்புக் கம்பியே போதும் என்றார் அவர். செலவு குறைவு, கப்பலில் எடையும் குறைவு. முதலாளிகளுக்கு வேறென்ன வேண்டும்?

‘‘கூடாது’’ என்றார் ஒருவர். கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன். நீளம் இரண்டு மடங்கானால் சிக்னலின் தாமதம் நான்கு மடங்காகும், ஆகவே கம்பி தடிமனாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வைட்ஹவுஸ் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கடல் மைலுக்கு 48 கிலோ சொச்சம் செம்பு என்று ஆர்டர் போயே போய்விட்டது.

அவசரம் எந்த அளவுக்கு என்றால், கேபிளை இரண்டு தொழிற்சாலைகள் பாதிப் பாதியாகச் செய்தன. ஒரு பாதியின் மேலுறைக் கம்பி ஒரு பக்கமாக முறுக்கியிருந்தது. மறு பாதியில் எதிர்ப்பக்கம்! அப்படியே இணைத்தால் ஒன்றையொன்று அவிழ்த்துவிடும். தனியாக ஒரு ஏற்பாடு செய்துதான் நடுக்கடலில் இணைத்தார்கள்.

1857-ல் கம்பி அறுந்தது. 1858 ஆகஸ்ட் 5-ல் கரைக்குக் கரை சேர்ந்தது. விக்டோரியா ராணியின் வாழ்த்து, சுமார் நூறு வார்த்தை. போய்ச் சேர 16 மணி நேரம்! நியூயார்க்கில் விட்ட வாணவேடிக்கையில் நகர மண்டபத்தின் கூரையே தீப்பிடித்தது.

சிக்னல் மந்தமாக இருந்ததும் வைட்ஹவுஸ் என்ன செய்தார்? ஐந்தடி நீள இண்டக்‌ஷன் சுருள்களைப் பூட்டி, சுமார் 2,000 வோல்ட்டை உள்ளே செலுத்தினார். தடித்த பீஸ் கம்பி கட்டுகிற வைத்தியம்தான்.

சாவதற்கு முன் அந்தக் கம்பி நம் நாட்டு விவகாரம் ஒன்றையும் சுமந்தது. 1857 கிளர்ச்சியை அடக்க கனடாவிலிருந்து கிளம்பவிருந்த இரண்டு ரெஜிமென்ட்டுகளை ‘வர வேண்டாம்’ என்று லண்டன் நிறுத்தியது இதன் வழியாகத்தான். மிச்சம் சுமார் 50,000 பவுண்டு. செப்டம்பர் தொடக்கத்தில் செய்தி வருவது நின்றே போனது.

பழி? வைட்ஹவுஸ் ஆகஸ்டிலேயே வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். ஆனால் 1861-ல் வந்த விசாரணை அறிக்கை வேறொன்றையும் சொன்னது. போதிய பரிசோதனை இல்லை, தயாரிப்பில் சரியான மேற்பார்வை இல்லை, கையாண்டதில் கவனம் இல்லை. அதாவது, 2,000 வோல்ட் பாய்வதற்கு முன்பே கேபிள் நோயாளி. டாக்டர் போட்டது கடைசி ஊசி!

அதே 1861-ல், மின்தடையை அளக்க எல்லோருக்கும் பொதுவான அளவு வேண்டுமென்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கமிட்டி போட்டார்கள். தாம்சனும் அதில் இருந்தார். இன்று நாம் சொல்லும் ‘ஓம்’ உருவானதில் அந்தக் கமிட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. 1866-ல் மறுபடி கேபிள் போட்டபோது ஒரு கடல் மைலுக்குச் செம்பு சுமார் 136 கிலோ. அது வேலை செய்தது. தாம்சனுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது.

வைட்ஹவுஸின் தப்பு அதிக வோல்ட் கொடுத்தது மட்டுமல்ல. முதலாளி கேட்க விரும்பியதை முதலிலேயே சொன்னாரே, அதுவும்தான்.

ஆகவே அண்ணாச்சி, அடுத்த தடவை எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தால், ‘‘ஏம்ப்பா தாங்காது?’’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் என்றால் நாலு வயரையே வாங்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்கிறவர் என்றால்... ஆளை மாற்றுங்கள்!