கழனித் தொட்டியில் இருந்து காடித் தீவனம் வரை

நம் மலரில் சேமிப்பு, கடன், விற்பனை என்று பலரும் எழுதுகிறார்கள். நான் கோழிக்கும் ஆட்டுக்கும் வைக்கிற தீவனத்தைப் பற்றி எழுதுகிறேன். தானியத்தையும் தவிட்டையும் புளிக்க வைத்துக் கோழிக்குப் போடச் சொல்லி இப்போது பயிற்சியில் சொல்கிறார்கள். செல்போனிலும் வீடியோ வருகிறது. ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போலத்தான் எல்லாரும் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் நம் அம்மாச்சி, அப்பத்தா காலத்தில் இதற்குத் தனிப் பெயரே தேவைப்படவில்லை. தினமும் நடக்கிற வேலை, அவ்வளவுதான். அது எப்படி நம் கையை விட்டுப் போனது, திரும்பி வந்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

தொட்டிக்குள் என்ன இருந்தது

மாடு, ஆடு வைத்திருந்த வீடுகளில் கொல்லைப்புறம் ஒரு கழனித் தொட்டி இருக்கும். சில ஊரில் குளுதாடி என்பார்கள். கல்லில் இருக்கும், சுட்ட மண்ணில் இருக்கும், பிறகு சிமெண்டிலும் வந்தது. அரிசி கழுவின தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, முந்தின நாள் நீச்சத்தண்ணியின் அடி, இட்லிக்கு ஊறப்போட்ட உளுந்தின் தோல், காய்கறித் தோல் எல்லாம் அதற்குள் போகும். மேலே இரண்டு கை தவிடு. வசதி இருந்தால் ஊறின புண்ணாக்கும் ஆட்டின பருத்திக்கொட்டையும்.

எழுபது வயதைத் தாண்டிய என் மாமியார் சொல்வார்: "தொட்டிய ஒருநாளும் சுத்தமா காலி பண்ண மாட்டோம்த்தா. அடியில கொஞ்சம் கெடக்கணும். அப்பத்தான் மறுநாள் தண்ணி நல்லாப் புளிக்கும்." இட்லி மாவுப் பானையைக் கழுவாமல் அடுத்த மாவை ஊற்றுவதும், பாலுக்கு உறை ஊற்றுவதும் இதே கணக்குத்தான். பழைய புளிப்பில் உள்ள நுண்ணுயிரிகள் புதுத் தண்ணீரில் சீக்கிரம் பெருகிவிடும்.

கோழிக்குத் தனித் தொட்டி கிடையாது. தொட்டியின் அடியில் தங்கிய தவிட்டையும் நொய்யையும் அள்ளி ஓட்டாஞ்சில்லில் வைப்பார்கள். பஞ்சாரத்தைத் திறந்ததும் கோழிகள் நேராக அங்கேதான் ஓடும். மற்றபடி புழு, பூச்சி, புல், சிந்தின தானியம் எல்லாம் அதுகளே மேய்ந்துகொள்ளும். குஞ்சு பொரித்த சமயம் மட்டும் ஒரு பானையில் சாணியும் வைக்கோலும் வைத்துத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற இடத்தில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுக்கு வேண்டிய புரதம் அது.

தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போனால், பிறகு பிறக்கும் பிள்ளையை வேறொருவரிடம் கொடுத்து, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கும் வழக்கம் நம் பக்கம் இருந்தது. தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்பார்கள். ஒன்றுக்கும் ஆகாத பொருளுக்கு வாங்கின பிள்ளை என்றால் எமன்கூடக் கண்ணெடுத்துப் பார்க்கமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த அளவுக்கு அன்று தவிடு மலிவு.

மலிவாக இருந்ததற்குக் காரணம், நெல்லை வீட்டிலேயே குத்தினார்கள். பெண்கள் உரலும் உலக்கையுமாகக் குத்திப் புடைத்தால் அரிசி தனி, நொய் தனி, உமி தனி, தவிடு தனி. அரிசி வீட்டுக்கு. நொய்யும் தவிடும் கோழிக்கும் மாட்டுக்கும். குத்தினவளின் முதுகுவலி சாதாரணம் இல்லை, அந்தக் காலமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தீவனம் அவள் கையில் இருந்தது. அதற்காக யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை.

பாடம் சொன்ன கோழிகள்

தவிட்டின் அருமையை உலகத்துக்குக் காட்டியதே கோழிகள்தான். 1890களில் ஜாவா தீவில், இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் கால் முடங்கி விழுந்தன. கொஞ்ச நாளில் தானாகவே எழுந்துவிட்டன. விசாரித்தபோது, நோய் வந்த சமயத்தில் அவற்றுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டார். அதனால் தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் கோழிகள் தேறிவிட்டன. தீட்டும்போது போகிற தவிட்டில்தான் உயிர்ச்சத்து இருக்கிறது என்பது இதன் வழியாகத்தான் தெரிய வந்தது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் இதை ஓயாமல் சொன்னவர்களில் ஒருவர் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். மில் அரிசியால் சாப்பிடுகிறவருக்குச் சத்தும் போகிறது, குத்துகிறவருக்குப் பிழைப்பும் போகிறது என்பது அவருடைய வாதம். கைக்குத்தல் தொழிலைக் காக்கும் எண்ணத்தோடு 1958இல் மத்திய அரசு, அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமும் போட்டது. ஆனாலும் மில் நிற்கவில்லை. முதுகு வலிக்கக் குத்தின பெண்களும் மில்லைத்தான் விரும்பினார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது.

தொட்டி காலியான விதம்

தொட்டி ஒரே நாளில் காலியாகவில்லை. முதலில் வந்த சின்ன மில்களில் நம் நெல்லைக் கொண்டுபோய் அரைத்தால் அரிசியோடு தவிடும் நமக்கே வந்தது, உமி கலந்திருந்தாலும். பிறகு பெரிய நவீன ஆலைகள் வந்தன. நாமும் நெல்லை விற்றுவிட்டுக் கடையில் அரிசி மூட்டை வாங்கப் பழகினோம். ஆலையில் தனியாகப் பிரிகிற தவிடு எண்ணெய் எடுக்கப் போகிறது. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுவது தீவனக் கம்பெனிக்குப் போகிறது. அதையே நாம் மூட்டையாக விலைக்கு வாங்குகிறோம். பிள்ளையை வாங்கின தவிட்டை இன்று பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள்ளும் மாற்றம் வந்தது. குக்கர் வந்ததும் கஞ்சி வடிப்பது நின்றது. தோல் நீக்கின உளுந்து வந்ததும் உளுந்துத் தோல் இல்லை. பிரிட்ஜ் வந்ததும் பழையது புளிப்பதில்லை. செக்கு போய் எக்ஸ்பெல்லர் வந்ததும் புண்ணாக்கில் எண்ணெய் குறைந்தது. ஒவ்வொன்றும் நமக்கு நல்லதுதான். எல்லாம் சேர்ந்தபோது தொட்டிக்கு ஊற்ற ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

குழுக்கள் வந்தபோது

1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நம் மாநிலத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1997இல் மகளிர் திட்டம், 2005இல் புதுவாழ்வுத் திட்டம். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். குழுக்கடனில் கறவை மாடும் ஆடும் கோழியும் வாங்கினோம். 2011இல் அரசு ஏழைப் பெண்களுக்கு விலையில்லாமல் நான்கு நான்கு ஆடுகள் கொடுக்கத் தொடங்கியது.

உயிர்ப் பொருள் வந்தது, தீவனம் வரவில்லை. கோழி வாங்கக் கடன் கொடுத்தார்கள், அது தின்பதற்கு மாதாமாதம் மூட்டை வாங்க வேண்டியிருந்தது. தீவனச் செலவு தாங்காமல் கோழியை விற்றுக் கடனை அடைத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் குழுவிலேயே கேட்டுப் பாருங்கள். கோழி விற்ற காசு என்பது பெண்ணின் சுருக்குப்பைக் காசு. பிள்ளைக்கு நோட்டு, மாத்திரை, பஸ் காசு என்று அவளே தீர்மானித்துச் செலவழிப்பது. தீவன மூட்டைக்கு வீட்டுக்காரரிடம் கை நீட்டிவிட்டால் அந்தக் காசின் மேல் அவளுக்கு இருந்த உரிமையும் குறைந்துவிடுகிறது.

புளிப்பு செய்கிற வேலை

பால் புளிப்பதற்கு உயிருள்ள நுண்ணுயிரிகள் காரணம் என்று 1857இல் லூயி பாஸ்டர் எழுதினார். அவை மாவிலும் சர்க்கரையிலும் இருந்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பல வளர முடியாது. இன்னொரு நன்மையும் உண்டு. தானியத்திலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸ் சத்தில் பெரும்பகுதி பூட்டிவைத்த மாதிரி இருக்கிறது. கோழியின் வயிற்றால் அதை நன்றாகத் திறக்க முடியாது. ஊறிப் புளிக்கும்போது அதில் ஒரு பகுதி திறந்துகொள்கிறது. தூசாகப் பறந்து வீணாகும் தவிடும் ஈரத்தில் வீணாகாது. புல்லைக் காற்றுப் புகாமல் அழுத்திப் புளிக்கவைக்கும் ஊறுகாய்ப்புல்லும் இதே முறைதான். பசுந்தீவனத்தைக் கெடாமல் காக்கும் வழிக்காக 1945இல் பின்லாந்து விஞ்ஞானி விர்தானனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நாங்கள் செய்கிற முறை: குருணை ஒரு பங்கு, உடைத்த கம்பு அல்லது சோளம் ஒரு பங்கு, தவிடு ஒரு பங்கு. மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ போட்டு, மேலே இரண்டு விரல் நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, பழைய புளிப்பு ஒரு கரண்டி சேர்த்து, துணியால் மூடி வைக்கிறோம். காலை மாலை கிளறுகிறோம். வெயில் காலத்தில் ஒன்று இரண்டு நாள், மார்கழியில் மூன்று நாள். இட்லி மாவு வாசம் வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் கோழி தின்று முடிக்கிற அளவு மட்டும் வைத்து, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கரையானோ அசோலாவோ கீரையோ கூடவே வேண்டும். புளிப்புத் தீவனத்தில் மட்டும் முட்டைக் கோழிக்குப் புரதம் போதாது.

கவனமாக இருக்க வேண்டியவை

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சண விஷம் காரணம். அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். புளிக்கவைத்தால் அந்த விஷம் போய்விடும் என்று நம்பக் கூடாது. பூத்த புண்ணாக்கு, கறுத்த தானியம், காறல் வாடை அடிக்கிற தவிடு எதையும் பானையில் போடாதீர்கள். பானையின் மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் மொத்தத்தையும் குழியில் கொட்டி மூடுங்கள்.

ஊறுகாயும் உப்புத் தண்ணீரும் கோழிக்கு ஆகாது. ஆட்டுக்குப் புளிச்ச தவிட்டுத் தண்ணீர் அளவாகத்தான் கொடுக்க வேண்டும். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கொட்டின சோற்றைத் தின்று வயிறு உப்பிச் செத்த ஆடுகளை நாம் பார்த்திருக்கிறோம். சோறும் மாவும் ஒரேயடியாக உள்ளே போனால் ஆட்டின் வயிற்றில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்து.

தீவனம் வேறு, மருந்து வேறு. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்கிற ராணிக்கெட் நோயைக் காடித் தண்ணீர் தடுக்காது. ஒரே வாரத்தில் தெருக்கோழி முழுவதும் போய்விடும். பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை நடத்தும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கட்டாயம் கோழிகளைக் கொண்டுபோங்கள்.

நம் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்

பழைய தொட்டியை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. யாரும் திரும்ப உலக்கை பிடிக்கவும் வேண்டாம். ஆனால் தனித்தனியாகக் கடையில் சில்லறைக்கு வாங்குவதை விட்டு, கூட்டமைப்பு சார்பாக அரிசி ஆலையில் இருந்து குருணையும் எண்ணெய் எடுக்காத புதுத் தவிடும் மொத்தமாக வாங்கி, குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். தவிடு சீக்கிரம் காறிப்போகும். அதனால் பத்து நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்கினால் போதும். ஒவ்வொரு குழுவிலும் கோழிக்கு எவ்வளவு செலவு, முட்டையிலும் கோழியிலும் எவ்வளவு வரவு என்று ஒரு நோட்டில் எழுதினால் லாபமா நட்டமா என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

கூடவே, உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய அம்மா, மாமியார் இருந்தால் தொட்டியில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்டு அதே நோட்டில் எழுதி வையுங்கள். அதையெல்லாம் இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த விஷயத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் எடுத்துப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.