டெயில்கேட் விருந்து

டெயில்கேட் விருந்து என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கால்பந்தாட்டம் நடைபெறும் நாட்களில், ஆட்டம் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே அபிமானிகள் அரங்கத்தை அடுத்துள்ள வாகனத் திடலில் கூடி, தத்தம் வண்டிகளின் பின்புறத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்து, உற்றாரோடும் அயலாரோடும் உண்டு மகிழும் வழக்கமாகும். இங்கே கால்பந்து என்றது நம் நாட்டில் காலால் உதைத்து ஆடப்படும் ஆட்டத்தையன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் அமெரிக்க ஆட்டத்தையே குறிக்கும். சர்வகலாசாலை அணிகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளிலும், தொழில்முறை அணிகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆடுவதால், செப்டம்பர் மாதம் தொடங்கிக் குளிர்காலம் வரையில் வாரந்தோறும் இவ்விருந்துகள் நடைபெறுகின்றன.

பெயர்க் காரணம்

சரக்கு வண்டி, பிக்கப் வண்டி, ஸ்டேஷன் வேகன் என்னும் மோட்டார் முதலியவற்றின் பின்புறத்தில், கீல்களில் பொருத்தப்பட்டுக் கீழ்நோக்கித் திறக்கும் பலகைக் கதவுக்கு டெயில்கேட் என்று பெயர். சாமான்களை ஏற்றி இறக்குவதற்காக அமைந்த அப்பலகையைக் கிடையாக இறக்கிவிட்டால், அதுவே இருவர் அமரத்தக்க திண்ணையாகவும் பதார்த்தங்களைப் பரப்பும் மேசையாகவும் ஆகிவிடுகிறது. வீட்டிலிருந்து வெகுதூரம் வந்தவர்கள் அரங்கத்தின் வாயில் திறக்கும்வரை காத்திருக்க நேர்ந்தபோது, அப்பலகையின்மீது ஒரு வீட்டையே விரித்து வைத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. நெடும் பிரயாணமும் நீண்ட காத்திருப்புமே இவ்வழக்கத்தை வளர்த்தன என்பது இதன் வரலாற்றை நோக்குவார்க்குப் புலனாகும்.

முன்னோடிகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861 ஜூலை 21ஆம் நாள் வர்ஜீனியா மாகாணத்து மனாஸஸ் என்னுமிடத்தில் நடந்த புல் ரன் போரைப் பார்ப்பதற்காக, வாஷிங்டன் நகரத்துப் பிரமுகர்கள் பலர் உணவுக் கூடைகளுடன் குதிரை வண்டிகளில் ஏறிச் சென்றனர் என்பது சரித்திரம். வட மாகாணங்களின் படை தோற்றுப் பின்வாங்கியபோது, விருந்துண்ண வந்த வண்டிகளும் ஓடிவந்த வீரர்களும் ஒரே சாலையில் சிக்கித் தவித்தார்கள். மனிதர் மடிவதை வேடிக்கை பார்க்கப் புறப்பட்ட அந்தக் கூட்டத்தை இவ்விருந்தின் ஆதியென்று சிலர் கூறுவதுண்டு. வண்டியும் உணவும் பொதுவாயினும், கூடியதன் நோக்கம் முற்றிலும் வேறு. ஆதலின் அதனை வெளித்தோற்றத்தால் மட்டுமே முன்னோடி எனலாம்.

இதனினும் பொருத்தமான முன்னோடி டெக்சஸ் புல்வெளிகளில் தோன்றியது. மாட்டு மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல்கள் ஓட்டிச் சென்ற சார்லஸ் குட்நைட் என்பவர், 1866இல் பழைய இராணுவ வண்டியொன்றைத் திருத்தி, அதன் பின்புறத்தில் மாவு, காப்பி, அவரை முதலியவற்றுக்குத் தனித்தனி அறைகள் உள்ள பெட்டியொன்றைப் பொருத்தினார். அப்பெட்டியின் மூடியைக் கீழே இறக்கிக் கால் கொடுத்து நிறுத்தினால் சமையற்காரருக்கு அது மேசையாயிற்று. சக் வேகன் எனப்பட்ட இவ்வண்டியில், பின்பலகையே அடுக்களையாகும் தத்துவம் முழுமையாக அமைந்துவிட்டதைக் காண்கிறோம்.

ஆட்டமும் பிரயாணமும்

அமெரிக்கச் சர்வகலாசாலைகளுக்கிடையே நடந்த முதற் கால்பந்துப் போட்டி, 1869 நவம்பர் 6ஆம் நாள் நியூ ஜெர்சி மாகாணத்து நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்தது. அணிக்கு 25 பேராக ஆடிய அந்த ஆட்டத்தில் ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. அன்று ஆடியது பந்தைக் கையில் ஏந்தி ஓடாத ஆட்டமேயாகும். யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் கேம்ப் போன்றோர் 1880களில் விதிகளைத் திருத்திய பின்னரே அது இன்றைய உருவத்தை அடையலாயிற்று. அந்த முதற் போட்டியன்றே இவ்விருந்தும் பிறந்தது என்பது ஒரு சாராரின் ஐதிகம். யேல் அபிமானிகளும், விஸ்கான்சின் மாகாணத்துக் கிரீன் பே நகரத்தாரும் அப்பெருமை தமக்கே உரியதென்பர். 1919இல் தோன்றிய தங்கள் பேக்கர்ஸ் அணியின் ஆட்டங்களைக் காண வந்த விவசாயிகள், மைதானத்தைச் சுற்றிலும் வண்டிகளின் பின்புறம் உள்நோக்கும்படி நிறுத்தி அமர்ந்ததிலிருந்தே இப்பெயர் எழுந்தது என்பது கிரீன் பே வாசிகளின் கூற்று.

இவ்வுரிமை வாதங்கள் எவ்வாறாயினும், அரங்கங்கள் பெருத்து ஊரின் நடுவிலிருந்து விலகியதே வழக்கம் வேரூன்றக் காரணமாயிற்று. நியூ ஹேவன் நகரின் மேற்குப் புறத்தில் 1914இல் திறக்கப்பட்ட யேல் கிண்ண அரங்கம் 70,000 பேருக்கு இடமளித்தது. அங்கே வந்து சேர்ந்தோர் ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்வரை பசியாற வேறு வழி தேட வேண்டியிருந்தமையால், கூடைகளில் உணவு கொண்டுவந்து சுற்றியுள்ள வெளிகளில் அமர்ந்து உண்ணலாயினர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வழக்கம் நாடெங்கும் பரவியது. புறநகர்க் குடும்பங்களின் வாகனமாகிய ஸ்டேஷன் வேகனும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் விரிந்த நெடுஞ்சாலைகளும், அரங்கங்களைச் சூழ்ந்த தார்த் திடல்களும் அதற்கு இடம் அமைத்துத் தந்தன. சமையற் கருவிகளும் கையடக்கமாயின. ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலை 1920களிலேயே மரக்கழிவுகளிலிருந்து கரிக்கட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கியிருந்தது. சிகாகோவில் மிதவைகள் செய்யும் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், 1952இல் மிதவைக் கோளத்தை இரண்டாகப் பகுத்து மூடியுள்ள கரியடுப்பை ஆக்கினார். காற்றிலும் தூறலிலும் அணையாத அடுப்பும், பனிக்கட்டியிட்டுக் குளிர்காக்கும் பெட்டியும் கைவரப் பெற்றபின், கூடை உணவு சுடச்சுடப் பரிமாறும் விருந்தாக உயர்ந்தது.

விருந்தோம்பும் முறை

விருந்தை நடத்துவோர் ஆட்டத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னதாகவே இடம் பிடித்து, தங்கள் நண்பர் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும்படி உயர்ந்த கம்பத்தில் அணியின் கொடியை ஏற்றுவர். காய் நறுக்குதல், இறைச்சியில் மசாலை ஊறவைத்தல் போன்றவற்றை முன்னிரவிலேயே வீட்டில் முடித்துக்கொள்வதும், பச்சை இறைச்சியையும் பானங்களையும் வெவ்வேறு குளிர்ப்பெட்டிகளில் வைப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம். சமைப்பதற்கிடையே விளையாட்டும் உண்டு: சோளமணி நிரப்பிய பைகளை 27 அடி தூரத்திலிருந்து சாய்பலகையின் துளைக்குள் எறியும் கார்ன்ஹோல் ஆட்டத்தில், துளையில் விழுந்தால் மூன்று புள்ளிகள், பலகைமேல் தங்கினால் ஒன்று. ஆட்டத்துக்குப் போகுமுன் கரியை நன்றாக அணைத்து, சாம்பலை அதற்குரிய தொட்டியில் சேர்ப்பது நல்ல விருந்தினருக்கும் நல்ல அயலாருக்கும் அடையாளம். ஆட்டம் முடிந்து வாகன நெரிசல் தணியும்வரை இரண்டாம் முறை இலகுவாக உண்பதும் உண்டு.

இவ்விருந்தின் சிறந்த ஆசாரம், அறியாதவரையும் அழைத்து ஒரு தட்டு நீட்டுவதேயாகும். எதிரணியின் சட்டை அணிந்து தயங்கி நிற்பவரையும் கேலியோடு கூப்பிட்டு அன்போடு உண்பிப்பவர்கள் ஒவ்வொரு திடலிலும் உண்டு.

பிரதேச வேறுபாடுகள்

விஸ்கான்சினில் ஜெர்மானியக் குடியேறிகள் கொணர்ந்த பிராட்வுர்ஸ்ட் என்னும் இறைச்சிக் குழலைப் பீரிலும் வெங்காயத்திலும் வேகவைத்துக் கரியில் வாட்டுவர். கான்சஸ் சிட்டியில் விலாவிறைச்சியைப் பல மணி நேரம் விறகுப் புகையில் பக்குவப்படுத்துவர். லூசியானாவில் கம்போ என்னும் குழம்பு பெரிய அண்டாவில் கொதிக்கும். அப்பெயர் வெண்டைக்காய்க்குரிய ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது, காயும் அக்குழம்பில் இடம்பெறுவதுண்டு. இங்ஙனம் ஒரு நாட்டின் குடியேற்ற வரலாறே அதன் திடல்களில் அடுப்பேறி நிற்கிறது.

வாகனமும் எங்கும் ஒரே வகையன்று. டென்னசி சர்வகலாசாலையின் நீலண்ட் அரங்கம் ஆற்றங்கரையில் இருப்பதால், 1962இல் ஜார்ஜ் மூனி என்னும் ஒலிபரப்பாளர் சாலை நெரிசலைத் தவிர்க்கப் படகிலேறி வந்தார். அவரைப் பின்பற்றிய படகுக் கூட்டம் இன்று ஒரு கடற்படையெனவே பெயர் பெற்றிருக்கிறது. தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், அரங்கத்தின் அருகே தண்டவாளத்தில் நிலையாக நிறுத்திய 22 இரயில் பெட்டிகள் 1990 முதல் விருந்து மண்டபங்களாய் விளங்குகின்றன.

கட்டுப்பாடுகளும் இன்றைய நிலையும்

அளவிறந்த மதுபானமும், அதனால் விளையும் சச்சரவும் விபத்தும் இவ்வழக்கத்துக்கு நேர்ந்த மாசுகளாகும். அவற்றைத் தடுக்கும் பொருட்டுப் பல சர்வகலாசாலைகளும் அணிகளும் திடல் திறக்கும் நேரம், மது, நெருப்பு ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்துள்ளன. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பல திடல்கள் வெறுமையாய்க் கிடந்தன. பின்னர் அபிமானிகள் அடுப்புகளோடு திரும்பினர்.

இவ்வரலாற்றில் மிகவும் குறிக்கத்தக்கது மிசிசிப்பி மாகாணத்து ஆக்ஸ்போர்டு நகரில், சர்வகலாசாலை வளாகத்திலுள்ள க்ரோவ் என்னும் மரச்சோலையின் மாறுதலாகும். ஏறக்குறைய பத்து ஏக்கர் பரப்புள்ள அச்சோலைக்குள் ஒருகாலத்தில் வண்டிகளை ஓட்டிச் சென்றே விருந்து வைத்தார்கள். மழையில் நிலம் சேறாகிப் பழுதுபட்டமையால் 1991இல் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் மக்கள் ஓக் மரங்களின் நிழலில் கூடாரங்களை அடித்து, மேசைவிரிப்பும் வெள்ளிப் பாத்திரங்களும் பரப்பி, சிலர் சரவிளக்குகளையும் தொங்கவிட்டு, முன்னினும் சிறப்பாக உபசரிக்கலாயினர். பின்பலகை ஒன்றேனும் இல்லாத அந்தச் சோலையிலும் விருந்துக்குப் பழைய பெயரே வழங்குகிறது. கூடாரத்தின் வாயிலில் நிற்பவரை உள்ளே வந்து உண்ணுமாறு அழைக்கும் குரலும் பழையதே.