50 பிபிஎம்: ஒரே காற்று, இரண்டு அலாரங்கள்

எரிவாயு பாய்லரின் புகைபோக்கி லேசாக அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் காற்றில் கார்பன் மோனாக்சைடு 50 பிபிஎம். அதாவது, பத்து லட்சம் பங்கில் ஐம்பது. வீடு லண்டனில் இருந்தால், இஎன் 50291 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி அலாரம் 60 முதல் 90 நிமிடத்துக்குள் அலற வேண்டும். சிகாகோவில் இருந்தால், அந்த அளவுக்கு அலறியே தீர வேண்டும் என்று யுஎல் 2034 என்ற அமெரிக்கத் தரம் சொல்வதில்லை. அங்கே கட்டாயம் 70இல்தான் தொடங்குகிறது; அதற்கும் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் அவகாசம் உண்டு.

திரையிலும் இதே வேறுபாடுதான். அமெரிக்கத் தரத்து அலாரங்கள் பொதுவாக 30க்குக் கீழ் உள்ளதைக் காட்டுவதில்லை. காற்றில் 25 இருந்தாலும் திரையில் 0தான். ஐரோப்பிய மாதிரிகள் பலவற்றில் 10இலிருந்தே எண் தெரியும். அந்த 0 வேறு, இந்த 0 வேறு.

அமெரிக்கர்களின் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 1994இல் சிகாகோ நகரம் வீடுகளில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியது. அந்த டிசம்பரில் குளிர்காற்று நகரத்தின் மேல் அசையாமல் தேங்கியபோது, வெளியே சேர்ந்த புகையே அலாரங்களை எழுப்பிவிட்டது. ஒரே நாளில் தீயணைப்புத் துறைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள். இப்படியே போனால் மக்கள் எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். பிறகு வந்த 1998 திருத்தம், 30 பிபிஎம் முப்பது நாள் நீடித்தாலும் அலாரம் ஒலிக்கக் கூடாது என்றது.

இரு தரங்களும் எண்ணோடு நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. இந்த வாயு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது; இரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அளவு ஏறினால் அவகாசம் சுருங்கும். ஐரோப்பியத் தரத்தில் 300 பிபிஎம் என்றால் மூன்று நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். அமெரிக்கத் தரத்தில் 400க்கு நான்கு முதல் பதினைந்து நிமிடம்.

எனக்கு ஐரோப்பியக் கணக்கே பிடிக்கிறது. கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, இதய நோயாளியோ உள்ள வீட்டில் 40, 50 என்பதெல்லாம் சிறிய எண் அல்ல. எட்டு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2010இல் வகுத்த வரம்பு ஏறத்தாழ 9 பிபிஎம்தான். இரண்டு அலாரங்களும் அதற்கு வெகுதூரம் மேலேதான் வாய் திறக்கின்றன. அதனால் காய்ச்சல் இல்லாமல் தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் வந்து, வெளியே போனதும் தணிந்தால், திரையில் 0 இருந்தாலும் வீட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அலாரம் அலறினால் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். எண்ணைப் பிறகு பார்க்கலாம். பல மாதிரிகளில் உச்ச அளவை நினைவில் வைத்துக் காட்டும் பொத்தான் உண்டு. காலையில் திரை 0 காட்டும். பொத்தானை அழுத்தினால் 85 என்று வரும். இரவில் எல்லோரும் தூங்கியபோது ஏறி இறங்கிய அளவு அது. அதை அழித்துவிடாமல், பாய்லரைப் பார்க்க வருபவரிடம் அப்படியே காட்டுங்கள்.