இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் நினைவகக் குறைபாடு, 2014

2014 ஏப்ரல் 26 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையை வெளியிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியின் 6 முதல் 11 வரையிலான பதிப்புகளில் ஒரு நினைவகக் குறைபாடு இருப்பதாகவும், அதைப் பயன்படுத்தித் தாக்குதல்கள் நடந்துவருவதாகவும் அது கூறியது. இக்குறைபாட்டின் பதிவெண் சி.வி.இ-2014-1776. திருத்தம் வருமுன்பே தாக்குதலுக்குப் பயன்படும் இத்தகைய குறைபாடு ‘சீரோ டே’ எனப்படுகிறது.

பின்னணி

2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று முடித்துக்கொண்டது. அதையொட்டித் தமிழ்நாடு அரசு, தன் துறைகள் எக்ஸ்பியை விட்டு ‘பாஸ்’ லினக்ஸுக்கு மாற வேண்டும் என அறிவுறுத்தியது. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம். ஆதரவு முடிந்த 18ஆம் நாளில் எச்சரிக்கை வந்தது. மாறாதிருந்த எக்ஸ்பி கணினிகளுக்குத் திருத்தம் கிடைக்குமா என்பதே அப்போது எழுந்த கேள்வி.

குறைபாட்டின் தன்மை

ஒரு நிரல் தனக்குத் தேவைப்படாத நினைவகப் பகுதியை விடுவித்த பின்னும், அதன் முகவரியை வைத்துக்கொண்டு மீண்டும் அங்கே செல்வதே இப்பிழை. குடியிருந்தவர் காலி செய்த வீட்டுக்கு அவர் பெயரில் பணவிடை தொடர்ந்து வருவது போன்றது இது. புதிதாகக் குடிவந்தவர் அதை வாங்கிக்கொள்ளலாம். தாக்குநர், விடுவிக்கப்பட்ட இடத்தில் தன் தரவை நிரப்புவார். உலாவி அதைத் தன்னுடையதென நம்பிச் செயல்படும்போது கணினி அவர் வசமாகும். பயனர் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும்.

திருத்தமும் பின்விளைவும்

மைக்ரோசாஃப்ட் மே 1 அன்று வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திராமல் திருத்தத்தை வெளியிட்டது. ஆதரவு முடிந்திருந்தும் எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக அது வழங்கப்பட்டது.

உலாவியை மாற்றினால் மட்டும் இப்பிழை தீராது. ஃபயர்பாக்ஸ், குரோம் ஆகியவையும் பெரும்பாலும் சி++ மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியில் நினைவகத்தை முறையாகக் கையாளும் பொறுப்பு நிரலாளருடையது. குரோமியத்தின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகம் சார்ந்தவை என 2020இல் கூகுள் தெரிவித்தது. இவ்வகைப் பிழைகளை நிரலைத் தொகுக்கும்போதே தடுக்கும் ரஸ்ட் மொழியின் முதல் நிலையான பதிப்பு 2015 மே மாதம் வெளியானது. 2017இல் ஃபயர்பாக்ஸின் ஒரு முக்கியப் பகுதி அம்மொழியில் மாற்றி எழுதப்பட்டது.

செம்பரம்பாக்கத்தை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளுக்கும் இதில் பாடம் உண்டு. உற்பத்தி இயந்திரத்தின் மென்பொருள் பழைய இயங்குதளத்தைச் சார்ந்திருந்தால், அதன் கணினியை எளிதில் மாற்ற இயலாது. அத்தகைய கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைப்பதே முதற்காப்பு. 2014இல் எக்ஸ்பிக்குக் கிடைத்த விதிவிலக்கு எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.